மூன்று பட்டை சேர்த்தால் 6½ வர வேண்டியது 6¼ வருகிறது, செட்டும் வில்லாக வளைகிறது

தொட்டில்விரிப்பு:

ரெயில் ஃபென்ஸ் கட்டங்களால் (மூன்று பட்டைச் சதுரங்களை ஒன்றை நிமிர்த்தி, அடுத்ததைப் படுக்க வைத்துச் சேர்ப்பது) ஒரு குழந்தைப் போர்வை தைக்கிறேன். 2½ இன்ச் அகலப் பட்டை மூன்றை நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, அந்த செட்டைக் குறுக்கே 6½ இன்ச்சுக்கு ஒன்றாக வெட்டிச் சதுரம் எடுக்க வேண்டும். 8 × 10, மொத்தம் 80 கட்டம். முடித்தால் 48 × 60 இன்ச். துணி 44 இன்ச் பன்னா (அகலம்), கரையை நீக்கினால் 42 நிற்கிறது. ஒரு செட்டுக்கு 6 கட்டம் என்று 14 செட் வேண்டும். 9 தைத்தாகிவிட்டது.

அளந்து பார்த்தால் செட்டின் அகலம் 6½ இல்லை. பெரும்பாலும் 6¼, சில இடங்களில் 6⅜. ஒரு செட்டை வெட்டிக் கட்டங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். நிமிர்த்தி வைத்த கட்டத்துக்கும் படுக்க வைத்த கட்டத்துக்கும் உயரம் ஒத்துவரவில்லை. தரையில் விரித்தால் செட்டே வானவில் மாதிரி வளைந்து கிடக்கிறது. ஒன்றிரண்டு பட்டைகளில் நடுவில் ஒரு முறிவும் தெரிகிறது.

மிஷின் கறுப்பு நேர்த்தையல் மிஷின், மோட்டார் போட்டது. 16 நம்பர் ஊசி. பிரஷர் ஃபுட்டின் வலது ஓரத்தோடு துணி ஓரத்தை ஒட்டிப் பிடித்துத் தைத்தேன், அதுதான் கால் இன்ச் என்று நினைத்து. பட்டைகளில் பாதி பாப்ளின், பாதி 2×2 ரூபியா (ரவிக்கைத் துணி). தப்பு எங்கே? தைத்த 9 செட்டையும் பிரிக்க வேண்டுமா?

கால்இன்ச்:

பிரிக்காதீர்கள், கொஞ்சம் பொறுங்கள். முதலில் கணக்கு.

மூன்று பட்டையில் இரண்டு தையல். ஒவ்வொரு தையலும் இரு பக்கத் துணியையும் தின்னும். ஆக மொத்தம் நான்கு தையல் ஓரம் (தையலுக்கும் துணி விளிம்புக்கும் இடைப்பட்ட பகுதி) உள்ளே போகிறது. 7½ இன்ச்சில் நான்கு கால் இன்ச் போனால் 6½. உங்களுக்கு 6¼ என்றால் நான்கு இடத்திலும் சேர்த்துக் கால் இன்ச் அதிகம் போயிருக்கிறது, அதாவது ஒவ்வொரு ஓரத்திலும் 1/16. தையல்காரர் கணக்கில் (ஒரு நூல் என்பது ⅛ இன்ச்) ரெண்டு நூல் பிடிக்க வேண்டிய இடத்தில் ரெண்டரை நூல் பிடித்திருக்கிறீர்கள். 6⅜ வந்த இடங்களில் பிசகு 1/32தான். கண்ணுக்கே தெரியாது, ஆனால் நான்கு மடங்காகி வந்து நிற்கிறது.

ரெயில் ஃபென்ஸில் இது உடனே உறுத்துவதற்குக் காரணம் உண்டு. கட்டத்தின் ஒரு பக்கம் நீங்கள் ஸ்கேல் வைத்து வெட்டியது, சரியாக 6½. மறுபக்கம் தையல் தீர்மானித்தது, 6¼. கட்டம் சதுரமே இல்லை, நீள்சதுரம். ஒன்றை நிமிர்த்தி அடுத்ததைப் படுக்க வைத்தால் எப்படிச் சேரும்? எல்லாத் தையலும் ஒரே மாதிரி தப்பாக இருந்திருந்தாலும் சேர்ந்திருக்காது.

இன்னொன்று. தையல் சரியாகக் கால் இன்ச்சில் ஓடினாலும் பட்டை கொஞ்சம் குறையும். தையல் ஓரத்தை ஒரு பக்கம் சாய்த்து இஸ்திரி போடும்போது துணி தையலின் மேல் மடங்கி ஏறுகிறது. அந்த மடிப்பும் நூலின் பருமனும் ஒன்றிரண்டு இழை அகலத்தைப் பிடித்துக்கொள்ளும். அதனால் கால் இன்ச்சுக்கு ஓர் இழை குறைவாகத் தைக்க வேண்டும். எவ்வளவு குறைவு என்பது துணியையும் நூலையும் பொறுத்தது. பாப்ளினுக்கு ஒரு அளவு, ரூபியாவுக்கு வேறு. உங்களுக்கு 6¼, 6⅜ என்று மாறி மாறி வந்ததில் இந்தக் கலப்புக்கும் பங்கு இருக்கும்.

ஆகவே தையல் ஓரத்தை அளந்து பயனில்லை. தைத்து, இஸ்திரி போட்டு, ஆறிய பட்டையை அளக்க வேண்டும். சோதனை இப்படி:

போர்வைக்கு வைத்த அதே துணியில் 1½ இன்ச் அகலம், 6 இன்ச் நீளத்தில் மூன்று துண்டு வெட்டுங்கள். அதே நூல், அதே ஊசி. மூன்றையும் சேர்த்துத் தைத்து ஓரங்களை ஒரு பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். நடுத்துண்டு சரியாக 1 இன்ச் இருக்க வேண்டும், மொத்தம் 3½. நடுத்துண்டைத்தான் முதலில் பாருங்கள். அதன் இரு பக்கமும் தையல்தான், அதனால் மற்ற இரண்டு துண்டின் வெட்டுப்பிசகு அதில் கலக்காது. 1 இன்ச்சுக்குக் குறைந்தால் தையலை வலப்பக்கம், துணி ஓரத்தை நோக்கி, நகர்த்த வேண்டும். கூடினால் இடப்பக்கம். மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில் அளந்து, மூன்றும் ஒன்றாக வரும்வரை போர்வைத் துணியைத் தொடாதீர்கள்.

மிதிமிஷின்:

கணக்கு சரி. மிஷின்ல என்ன பண்ணணும்னு நான் சொல்றேன்.

ஃபுட்டு ஓரத்தை நம்பாதீங்க. நேர்த்தையல் மிஷினோட வர்ற ஃபுட்டு, ஊசியிலிருந்து வலது ஓரம் வரை எல்லாத்திலயும் ஒரே அளவு கிடையாது. ஃபுட்டு மாத்தினா அளவும் மாறிடும். ஸிக்ஸாக் மிஷின்னா ஊசியைக் கொஞ்சம் வலது பக்கம் தள்ளிக்கலாம். உங்க மிஷின்ல ஊசி நகராது. அதனால துணியோட ஓரம் முட்டி நிக்க ஒரு தடுப்பு வைக்கணும்.

உங்க மிஷின் படுகையில, ஊசித்தட்டுக்கு வலது பக்கம் ரெண்டு திருகு ஓட்டை இருக்கான்னு பாருங்க. இந்த வகை மிஷின்ல அது தடுப்புக் கட்டை மாட்டத்தான். திருகோட கடையில கிடைக்கும். இல்லேன்னா பழைய ஏடிஎம் கார்டை நீளவாக்குல வெட்டி, மூணு துண்டை ஒண்ணு மேல ஒண்ணா ஒட்டி, ரெண்டு பக்க டேப்புல ஒட்டுங்க. வெறும் டேப்பு ஒத்தை அடுக்குல ஒட்டினா துணி அது மேல ஏறிடும். உயரம் வேணும்.

எங்கே ஒட்டறது? மில்லிமீட்டர் கிராஃப் தாள் ஒண்ணு எடுங்க. ஒரு தடிச்ச கோட்டு மேல நேரா வெட்டுங்க. வெட்டின ஓரத்திலிருந்து ஆறு சின்னக் கட்டம் எண்ணினா 6 மில்லி. கால் இன்ச்ங்கிறது 6.35 மில்லி, அதனால இந்த 6 மில்லி மேலே அவங்க சொன்ன "இழை குறைவு" கிட்ட வந்துடும். ஊசியில நூல் கோக்காம, கைச்சக்கரத்தைச் சுத்தி ஊசியை அந்த ஆறாவது கோட்டுல இறக்குங்க. ஃபுட்டை இறக்குங்க. தாள் கோணலா இல்லாம, கோடெல்லாம் ஃபுட்டுக்கு இணையா இருக்கான்னு பாத்துட்டு, தாளோட வலது ஓரத்தை ஒட்டினாப்ல தடுப்பை வைங்க. ஊசிக்கு நேரா மட்டும் வெச்சா போதாது, நம்ம பக்கம் ரெண்டு இன்ச் நீளம் வரணும். துணியைத் தள்ளற பல்லு மேல மட்டும் ஏறக்கூடாது. அப்புறம் அந்தச் சோதனைத் துண்டைத் தைச்சுப் பாத்து ஒரு முடி அளவு நகத்திக்கலாம்.

கால் இன்ச் ஃபுட்டுன்னே தனியா விக்கிறாங்க, பக்கத்துல தகடு வெச்சது. வாங்கினா உங்க மிஷின் ஷாங்குக்கு (ஃபுட்டு மாட்டற தண்டு) பொருந்துமான்னு கேட்டு வாங்குங்க. மாட்டினதும் கரண்ட் போடாம கைச்சக்கரத்துல நாலு சுத்து சுத்திப் பாருங்க, ஊசி தகட்டுல இடிக்குதான்னு. அதையும் சோதனை பண்ணாம நம்பாதீங்க.

ஊசி 16 இதுக்குப் பருமன். 11 இல்ல 12 நம்பர் போடுங்க. பெரிய ஊசி ரூபியாவை ஓட்டைக்குள்ள இழுக்கும், தையல் ஆடும். ஒரு இன்ச்சுக்கு 10லிருந்து 12 தையல் விழட்டும். குறுக்கே வெட்டப் போறீங்க, வெட்டின இடத்துல தையல் முனை கட்டாம நிக்கும். தையல் நீளமா இருந்தா அங்கேயே பிரிய ஆரம்பிச்சிடும்.

இப்ப வளைவு. கீழ் துணியைப் பல்லு இழுத்துட்டுப் போகுது, மேல் துணியை ஃபுட்டு அழுத்திப் பிடிக்குது. 42 இன்ச் போறதுக்குள்ள மேல் துணி பின்தங்கி, கடைசில கொஞ்சம் நீட்டிக்கிட்டு நிக்கும். ரெண்டாவது தையலையும் அதே முனையிலிருந்து ஆரம்பிச்சா இழுப்பு ரெண்டும் ஒரே பக்கம் சேரும், செட்டு வில்லாயிடும். முதல் தையல் முடிஞ்ச முனையிலிருந்து அடுத்த தையலை ஆரம்பிங்க. ஒரு தையல் போற திசையில, அடுத்தது வர்ற திசையிலன்னு மாறி மாறி. ஒண்ணோட இழுப்பை இன்னொண்ணு சரிக்கட்டிடும்.

அதோட ஃபுட்டு அழுத்தத்தையும் குறைங்க. இடது கோடியில தலைக்கு மேல இருக்கற திருகை இடப்பக்கம் அரைச்சுத்து. மறுபடி தைச்சுப் பாத்து இன்னொரு அரைச்சுத்து. ரொம்பக் குறைச்சா துணி பக்கவாட்டுல ஆடும், அப்ப நிறுத்திக்கணும். பாப்ளினையும் ரூபியாவையும் சேக்கும்போது ரூபியாவைக் கீழ வைங்க, நெகிழற துணி பல்லுப் பக்கம் இருந்தா அடங்கி வரும்.

தைக்கும்போது கண்ணு ஊசில இருக்கக்கூடாது. தடுப்புல துணி ஒட்டி வர்ற இடத்துல, ஊசிக்கு ஒரு இன்ச் முன்னால பாருங்க. பின்னாலிருந்து இழுக்காதீங்க. பட்டையோட வால் மேசையிலிருந்து தொங்கினா அந்தக் கனமே இழுக்கும், மடியில சுருட்டி வெச்சுக்குங்க. ஆரம்பத்துல ரெண்டு இன்ச் வேஸ்ட் துண்டைத் தைச்சு, அதை வெட்டாம தொடர்ந்து பட்டையை விடுங்க. முதல் தையல் சிக்கிக்காம நேரா விழும். கடைசி ரெண்டு இன்ச் எல்லாருக்கும் கோணும், அங்க தையல் பிரிக்கற கருவியோட முனையால ஓரத்தைத் தடுப்போட பிடிச்சுக்குங்க. வேகம் ஒரே சீரா இருக்கட்டும். நடுவுல நிறுத்தினா ஊசி துணிக்குள்ள இறங்கின நிலையில நிறுத்துங்க.

பாவுநூல்:

தையலைப் பற்றி இருவரும் சொன்னது சரி. ஆனால் அந்த "நடுவில் முறிவு" தையல் குற்றம் இல்லை, வெட்டின குற்றம். அதை யாரும் தொடவில்லை.

கரையோடு கரை சேர்த்து மடித்து வெட்டும்போது, ஸ்கேல் மடிப்புக்குச் சரியான செங்கோணத்தில் இல்லாவிட்டால் விரித்த பட்டை நேராக இருக்காது. மடிப்பு இருந்த இடத்தில் வி மாதிரி முறியும். நான்காக மடித்தால் மூன்று இடத்தில். அந்தப் பட்டையை எவ்வளவு நேராகத் தைத்தாலும் வளைவு போகாது. கடையில் மடித்துத் தந்த மடிப்பை அப்படியே நம்பி வெட்டுவதால் வருவது இது. பிரித்து, இரண்டு கரையையும் கையில் சேர்த்துப் பிடித்துத் தொங்கவிடுங்கள். மடிப்பின் அருகே சுருக்கம் சாய்வாக ஓடினால் ஒரு கரையை இடம் வலமாக நகர்த்துங்கள், துணி தட்டையாகத் தொங்கும்வரை. வெட்டிய முனைகள் அப்போது ஒன்றோடொன்று சேராமல் ஏறி இறங்கி இருக்கும். இருக்கட்டும். மடிப்பின் மேல் ஸ்கேலின் குறுக்குக்கோட்டைப் பொருத்தி முதல் ஓரத்தை நேராக்குங்கள், பிறகு பட்டை வெட்டுங்கள். மூன்று நான்கு பட்டைக்கு ஒருமுறை ஒன்றை விரித்து முறிவு இருக்கிறதா என்று பார்த்து, மறுபடி ஓரத்தை நேராக்குங்கள்.

சக்கரம் மாதிரி உருட்டி வெட்டும் உருளைக் கத்தி இருந்தால் நல்லது. 1979இல் ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் அதைக் கொண்டுவந்த பிறகுதான் பல அடுக்கை ஒரே வெட்டில் பட்டையாக்குவது எளிதாயிற்று. கத்தரிக்கோல்தான் என்றால் சாக்கட்டியால் கோடு போடாதீர்கள். அந்தக் கோடே 1 மில்லிக்கு மேல் இருக்கும். கூர்மையான பென்சிலால் கோடு போட்டு, கோட்டின் ஒரே பக்கத்தில் வெட்டுங்கள். கிழிப்பதும் வேண்டாம். கிழித்த ஓரத்தில் இழைகள் இழுபட்டு அலையாகிவிடும், தடுப்பில் நேராக முட்டாது. கடைசிவரை ஒரே ஸ்கேல். டேப்பால் அளந்து வெட்டி ஸ்கேலால் சரிபார்த்தால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே உங்கள் பிசகாகத் தெரியும்.

துணியில் கரைக்கு இணையாக ஓடும் பாவு நூல் அதிகம் நெகிழாது, குறுக்கே ஓடும் ஊடை நெகிழும். பன்னாவின் குறுக்கே வெட்டிய பட்டையின் நீளம் ஊடைவாக்கில் போகிறது, அதனால் தைக்கும்போதும் இஸ்திரியிலும் இழுபடும். துணி போதுமான நீளம் இருந்தால் கரைக்கு இணையாக, பாவுவாக்கில் வெட்டுங்கள். வளைவுப் பிரச்சினை பெருமளவு தீரும்.

வெட்டுவதற்கு முன் துவைத்துக் காயவையுங்கள், சுருக்கமும் சாயமும் போகட்டும். பிறகு கஞ்சி. ரூபியாவுக்குக் கட்டாயம் வேண்டும். ஜவ்வரிசிக் கஞ்சியை வடிகட்டி நீர்க்கக் கரைத்து, முழுத் துணியாக நனைத்து, லேசான ஈரத்தில் இஸ்திரி போட்டு முழுக்க உலர்த்திவிட்டு வெட்டுங்கள். வெட்டிய பட்டைக்குக் கஞ்சி போடக்கூடாது, நனைந்தால் அளவு மாறும். போர்வை முடிந்ததும் துவைத்துக் கஞ்சியை எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் பூச்சி வரும்.

இஸ்திரி வளைவுக்கு இன்னொரு காரணம். பெட்டியைப் பட்டையின் நீளத்துக்கு இழுத்துக்கொண்டே போனால் ஊடை நீண்டு, நேராகத் தைத்த செட்டும் வளையும். முதலில் திறக்காமல், தைத்தபடியே தையலின் மேல் பெட்டியை வைத்து எடுங்கள், நூல் துணிக்குள் அமரும். பிறகு அடர்நிறப் பட்டை மேலே இருக்கும்படி வைத்துத் திறந்து, பெட்டியின் விளிம்பால் தையலின் குறுக்கே தள்ளுங்கள். நீராவி வேண்டாம். தையலருகே மடிப்பு தேங்கி நிற்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். அந்த மடிப்பு அரை நூல் தின்றுவிடும், பழி தையல் மேல் விழும். ஒவ்வொரு தையலுக்கும் பிறகு இஸ்திரி போட்டு அளந்துவிட்டுத்தான் அடுத்த பட்டை.

குண்டூசி பற்றி மிதிமிஷின் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு நீளத்துக்கு முனை இரண்டிலும் நடுவிலும், இடையில் 5, 6 இன்ச்சுக்கு ஒன்றாகவும் குத்தினால் மேல் துணி ஓடாது.

மிதிமிஷின்:

குண்டூசி குத்தின இடத்துல துணி கொஞ்சம் மேடாகி, தடுப்பிலிருந்து விலகும். ஒரே அளவு பருத்தி, கஞ்சி போட்டதுன்னா நான் குத்தச் சொல்ல மாட்டேன். ரூபியாவும் பாப்ளினும் சேரும்போது குத்தலாம். ஆனா ஊசிகிட்ட வர்றதுக்கு முன்னாடி எடுத்துடணும், அது மேல மிஷினை ஓட்டக்கூடாது.

தொட்டில்விரிப்பு:

சோதனை செய்தேன். பழைய மாதிரி ஃபுட் ஓரத்தில் தைத்த துண்டு: நடுப்பட்டை ⅞. கார்டு தடுப்பு வைத்துத் தைத்தது முதல் தடவை ஒரு முடி கூடுதல், கொஞ்சம் நகர்த்தியதும் மூன்று இடத்திலும் 1 இன்ச். அழுத்தத் திருகை ஒரு முழுச்சுற்று குறைத்ததில் மேல் துணி நீளுவது ஏறக்குறைய நின்றுவிட்டது.

இனி வருவது சரி. தைத்த 9 செட்டை என்ன செய்வது? மீதி 5 செட்டுக்கு 2½ இன்ச் பட்டைகள் வெட்டி வைத்திருக்கிறேன். போர்வை கொஞ்சம் சிறிதானால் பரவாயில்லை.

கால்இன்ச்:

சிறிதானால் பரவாயில்லை என்றால் ஒரு தையலும் பிரிக்க வேண்டாம். எல்லாக் கட்டத்தையும் 6⅛ இன்ச் சதுரமாக வெட்டுங்கள்.

6¼ அகல செட்டில் இரு ஓரத்திலும் 1/16 சீவினால் 6⅛. அதில் நடுப்பட்டை 1⅞. வெளிப்பட்டைகள் இப்போது 2⅛, கட்டத்தோடு கட்டம் சேரும்போது கால் இன்ச் போய் அவையும் 1⅞. மூன்றும் சமம். 6⅜ வந்த இடத்தில் இரு ஓரத்திலும் ⅛ சீவ வேண்டும். அங்கே நடுப்பட்டை வெளிப்பட்டையைவிட அகலமாக இருக்கும், வித்தியாசம் 1/10 இன்ச்சுக்கும் கொஞ்சம் குறைவு. போர்வையில் கண்ணுக்குப் படாது. ஒரு பக்கம் மட்டும் சீவாதீர்கள், அப்போது கட்டாயம் படும்.

மீதி 5 செட்டில்தான் கவனம். இனி சரியான தையலில் 2½ பட்டை சேர்த்தால் நடுப்பட்டை 2 இன்ச் ஆகிவிடும், பழையதோடு ஒத்துப்போகாது. அந்த 15 பட்டையிலும் ஒரு நூல் வெட்டி 2⅜ ஆக்குங்கள். மூன்று 2⅜ சேர்ந்தால் 7⅛, நான்கு கால் இன்ச் போனால் 6⅛. நடுப்பட்டை 1⅞. பழையதும் புதியதும் ஒன்றாகிவிடும்.

குறுக்கே வெட்டும்போது செட்டின் ஓரத்தைப் பார்த்து ஸ்கேல் வைக்காதீர்கள். வளைந்த செட்டில் ஓரம் பொய் சொல்லும். ஸ்கேலின் குறுக்குக்கோடு நடுப்பட்டையின் தையல் மேல் அமரட்டும். இரண்டு வெட்டுக்கு ஒருமுறை முனையை மறுபடி செங்கோணமாக்குங்கள், அதற்காக அரை இன்ச் வீணானால் ஆகட்டும். 6⅛ × 6 = 36¾தான், 42இல் 5 இன்ச்சுக்கு மேல் கையிருப்பு இருக்கிறது. வளைவு நிறைய உள்ள செட்டில் சீவும் வேலையைக் குறுக்கே வெட்டிய பிறகு, ஒவ்வொரு கட்டமாகச் செய்யுங்கள். 6 இன்ச் நீளத்துக்குள் அந்த வளைவு அநேகமாகத் தெரியாது. வி முறிவு உள்ள இடம் கட்டத்துக்குள் வராமல் தள்ளி வெட்டுங்கள்.

முடிந்த அளவு: ஒரு கட்டம் 5⅝, 8 × 10க்கு 45 × 56¼ இன்ச். ஓரப்பட்டை வைப்பதாக இருந்தால் இந்த அளவை நம்பி வெட்டாமல், போர்வையின் நடுவில் அளந்து வெட்டுங்கள்.

தொட்டில்விரிப்பு:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று: கட்டங்களைச் சேர்க்கும்போது தையல் உள்ள பக்கம் மேலேயா, கீழேயா?

பாவுநூல்:

தையல் உள்ள பக்கம் மேலே. உள்ளே சாய்த்த ஓரம் ஃபுட் வரும்போது புரண்டுகொள்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொண்டே தைக்கலாம். கீழே வைத்தால் பல் அதைப் புரட்டிவிடும், திருப்பிப் பார்க்கும்போதுதான் தெரியும். தையல் இல்லாத பக்கம் ஊடைவாக்கில் இருப்பதால் கொஞ்சம் நெகிழும். இரண்டு மூலையிலும் குண்டூசி குத்திவிட்டு அதைக் கீழே விட்டால் அடங்கி வரும்.

வரிசைகளில் ஓரங்களை முதல் வரிசைக்கு இடப்பக்கம், அடுத்ததற்கு வலப்பக்கம் என்று மாற்றிச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். வரிசையோடு வரிசை சேரும் இடத்தில் இரண்டு மேடும் எதிரெதிராக வந்து ஒன்றில் ஒன்று பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினால் பள்ளமோ மேடோ தட்டக்கூடாது, அப்போது மூலை சரியாக நிற்கிறது. தட்டினால் அந்த இடத்தில் மட்டும் குண்டூசி.